தவளைக்காரியின் கை

என் அண்ணிக்குத் தெருவில் தவளைக்காரி என்று பெயர். வைத்தவள் நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில், அவள் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் தவளைகளைப் பராமரிக்கிறாள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வருகிற மருமகள் டீச்சர், நர்ஸ் என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். தவளைக்குச் சாப்பாடு போடுகிறாள் என்றா சொல்வது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். பக்கத்து வீட்டில் சொன்னேன், அவர்கள் எதிர்வீட்டில் சொன்னார்கள், அவ்வளவுதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு எனக்குக் கத்திரி என்று பெயர் வைத்தாள். நான் வீடுகளுக்குத் திரைச்சீலை தைக்கிறவள். நாக்கும் கொஞ்சம் அப்படித்தான். அந்தப் பெயர் இன்றைக்கும் என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் தையல் மிஷினும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது, நான் வேறு பேச வேண்டியதில்லை.

எங்களுக்குள் முதல் சண்டை சோப்பால் வந்தது. அண்ணி கைக்குச் சோப்புப் போட மாட்டாள். பவுடர், கிரீம், தலைக்குத் தடவிய எண்ணெயின் பிசுக்கு, எதுவும் அந்தக் கையில் இருக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள்.

“இந்தக் கையாலதான் எங்களுக்குப் பரிமாறுறீங்களா?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“சோப்புக் கையோட தூக்கினா அதுக்கு எரியும், கத்திரி. தவளை தோலாலயும் மூச்சு விடும். நம்ம கையில இருக்கிறதெல்லாம் தோல் வழியா உள்ள போயிடும்.”

“தோலால மூச்சு விடுமா? அப்ப மூக்கு எதுக்கு, கண்ணாடி மாட்டவா?”

அண்ணன் சிரித்தான். சாப்பாடு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். அப்போதெல்லாம் அவனுக்குச் சிரிக்க மூச்சு இருந்தது.

அவள் வேலை பார்த்த அறையை நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. அகலமான பிளாஸ்டிக் தொட்டிகள், மேலே கம்பிவலை, தவளை தலையால் முட்டித் தள்ளிவிடாமல் இருக்க வலையின் மேல் ஒரு செங்கல். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, மருந்து வாடை போகும்வரை திறந்து வைத்திருந்து அப்புறம்தான் ஊற்ற வேண்டும். அங்கே ஆராய்ச்சி செய்தவர் ஒரு மேடம். காற்றே இல்லாத இடத்தில் தவளை எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மனுஷனுக்குச் சில நிமிஷம் ஆக்சிஜன் இல்லை என்றால் மூளை போய்விடும். தவளை மணிக்கணக்கில் தாங்கும். குளிரில் இருந்தால் இன்னும் கூடத் தாங்குமாம்.

தவளையை ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, ஆக்சிஜன் இல்லாத காற்றை உள்ளே செலுத்துவார்கள். முதலில் அது மூடியை முட்டும், காலை உதைக்கும், மூக்கைத் தூக்கித் தூக்கித் தேடும். கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடும். தொண்டை துடிப்பது நின்றுவிடும். நெஞ்சு மெல்ல மெல்ல அடிக்கும். மூளைகூடத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக எரித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கும். பயந்து அலைகிற தவளை அந்தச் சர்க்கரையைச் சீக்கிரமே தீர்த்துவிட்டுச் செத்துப்போகும்.

அதனால் ஜாடியில் விடுவதற்கு முன்பே அதன் பயத்தைப் போக்க வேண்டும். அது அண்ணியின் வேலை. ஈரக் கையை அதன் முதுகில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். மேடம் வைத்தால் துள்ளும், படிக்கிற பிள்ளைகள் வைத்தால் மேஜையை விட்டே குதித்து ஓடும். அண்ணி கைக்கு மட்டும் மடங்கி உட்காரும்.

“தவளையே உங்க பேச்சைக் கேக்குது, இவன் கேக்க மாட்டேங்குறானே” என்பேன் அண்ணனைக் காட்டி. ஏனென்றால் அவன் யார் பேச்சையும் கேட்டதில்லை.

அண்ணன் ஒரு பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அந்தப் புகைமூட்டத்துக்குள் ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பான். வெளியே வந்தால் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு சிகரெட் பற்றவைப்பான். அடிக்காதே அடிக்காதே என்று நான் கத்திய கத்தலுக்கு ஒரு மலை கரைந்திருக்கும். நெஞ்சு கெட்டுப்போய்விட்டது, இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொன்னபோதுதான் இரண்டையும் விட்டான். அப்புறம் வீட்டில் ஒரு ஆக்சிஜன் மிஷின் வந்தது. கட்டில் பக்கத்தில் ராத்திரி பகல் முனகிக்கொண்டிருக்கும். அவன் மூக்கில் அதன் குழாய்.

மூச்சு முட்டுகிறவனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, யாரோ துரத்துகிற மாதிரி இழுப்பான். பயம் வந்துவிட்டால் இன்னும் வேகமாக இழுப்பான். வேகமாக இழுத்தால் இன்னும் முட்டும். எனக்கு அதைப் பார்க்கத் திராணி இல்லாமல் மாடிக்கு ஓடி, மிஷினை உரக்க ஓட்டுவேன்.

ஒரு சாயங்காலம் அப்படி முட்டியபோது அண்ணி கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தாள். பழக்கம்தான், யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அவன் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கையை வைத்தாள். “ஒண்ணும் இல்ல. அவசரம் இல்ல. சும்மா இருங்க. சும்மா இருந்தா இருக்கிற காத்தே போதும்” என்றாள். அவன் இழுப்பு மெல்லத் தணிந்தது. உதட்டைக் குவித்து ஊதி ஊதி விட்டான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, “குடிக்கத் தண்ணி குடு” என்றான்.

“தவளைக்குப் பண்றதை என் அண்ணனுக்குப் பண்றீங்களா?” என்று கேட்டேன். கேட்டேனே தவிர, மாடிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்தக் கையை வைத்துத்தான் அவன் அதற்கப்புறம் உயிரோடிருந்தான். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். மூச்சு முட்ட ஆரம்பித்ததும் கண் அவளைத் தேடும். அவள் வேலையில் இருந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். என் கையை ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். “எடுடி, மண்வெட்டி மாதிரி இருக்கு” என்றான். சோதனைக்குப் போகும்போது டாக்டர்கூட, பதறாமல் மூச்சு விடக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள், நல்லது என்றார். அண்ணி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். மூச்சு வாங்கினால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்கள். மூச்சு வாங்காமல் சும்மா இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் விழவில்லை.

அன்றைக்கு அண்ணிக்கு விடுமுறை. அண்ணனுக்குச் சளிக்காய்ச்சல் வந்திருந்த நேரம். காலையில் படாத பாடு பட்டான். அண்ணி நகராமல் பக்கத்திலேயே இருந்தாள். மதியம் நான் இறங்கி வந்தபோது கட்டிலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். முகம் சிவந்து, கை கதகதப்பாக இருந்தது. இழுப்பு இல்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. எத்தனையோ மாதமாக அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

“தையல் மிஷினை ஓட்டாதே, கத்திரி” என்று அண்ணி வாயில் விரல் வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “எப்படி அமைதியாயிட்டாரு பாரு. உடம்பு பழகிடுச்சு. இருக்கிறதை வச்சுச் சமாளிக்கக் கத்துக்கிடுச்சு.”

நான் மாடிக்குப் போய் ஒரு திரைச்சீலையின் ஓரத்தைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் இறங்கிப் போனது. கீழே சத்தமே இல்லை. நான்கூட, அப்பாடா, இன்றைக்காவது மனுஷன் தூங்குகிறானே என்றுதான் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணி கூப்பிட்ட குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால் அவனை உலுக்கிக்கொண்டிருக்கிறாள், அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. ஆள்தான் இல்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் பார்த்தார். “எப்போலேர்ந்து தூங்குறாரு?”

“மத்தியானத்துலேர்ந்து, டாக்டர்” என்றாள் அண்ணி. “ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினாரு. கொஞ்சம்கூட அலையல.” அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அது தூக்கம் இல்லம்மா. நெஞ்சு ஓஞ்சுபோய் கெட்ட காத்தை வெளிய தள்ள முடியல. அது ரத்தத்துல ஏறி ஏறி மயக்கமாயிட்டாரு. அமைதியான உடனே கூட்டிட்டு வந்திருக்கணும். அமைதியானதுதான் ஆபத்து.”

“அமைதியா இருந்தா மிச்சமாகுமே, டாக்டர். மூளை வேலையைக் குறைச்சுக்கும். கல்லீரல்ல இருக்கிற சர்க்கரையை வச்சு…”

“யாருக்கும்மா?”

“தவளைக்கு” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார், இந்த அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்கிற பார்வை. எனக்கு வந்த கோபத்தில், “அவங்க வேலை அது. எங்க அண்ணன் இத்தனை நாள் இருந்ததே அதனாலதான்” என்றேன். அவர் பாவம், உள்ளே போய்விட்டார். மனுஷ உடம்புக்கு அப்படி மிச்சம் பிடிக்கத் தெரியாது என்று அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் கண்ணைத் திறந்தான். முகம் முழுக்க இறுக்கமாக ஒரு மாஸ்க் கட்டி, மிஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. மூக்கையும் வாயையும் அடைத்துக்கொண்டு அப்படிக் காற்றடித்தால் நல்லா இருக்கிறவனே பயந்துபோவான். அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான், காலை உதைத்தான், மாஸ்க்கைப் பிடுங்கினான். நர்ஸ் மறுபடி மாட்டினாள். மறுபடி பிடுங்கினான்.

“முழிச்சுட்டாரு, அதுவே பெரிய விஷயம்” என்றாள் நர்ஸ். “ஆனா மாஸ்க் நிக்கணும். வீட்டுக்காரம்மா யாரு? வந்து கொஞ்சம் கையைப் பிடிச்சு சமாதானம் பண்ணுங்க.”

அண்ணி அறையின் மூலையில் நின்றாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி” என்றேன்.

“மாட்டேன்.”

“அண்ணி, உங்களைத்தான் தேடுறான்.”

“என் கை பட்டா அமைதியாயிடுவாரு, கத்திரி. அலையட்டும். அலைஞ்சாத்தான் உயிரு இருக்கு.”

நான் போய் அவன் முதுகில் என் கையை வைத்தேன். உதறித் தள்ளினான். அவன் கண் என்னைத் தாண்டிப் போய் அறை முழுக்கச் சுற்றியது. நர்ஸ் நின்ற பக்கம்தான் பார்க்க முடிந்தது, மூலை அவன் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. கையை நீட்டி, விரலை விரித்து மூடி, விரித்து மூடித் தேடினான். எனக்கு அண்ணியை நாலு அறை அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். “இப்ப அவரு அமைதியா இருந்தாத்தாம்மா இந்த மிஷின் வேலை செய்யும்.”

“அமைதியானதுதான் ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் அண்ணி.

“அது நேத்து. இன்னைக்கு வேற.”

இதற்கு ஒருத்தி என்ன செய்வாள், சொல்லுங்கள். வாழ்க்கை முழுக்க ஒன்றைக் கற்றுக்கொண்டு, அது தப்பு என்று ஒரு சாயங்காலத்தில் கேட்டு, விடிந்ததும் தப்பில்லை என்றால்? அவள் டாக்டரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்குளிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்து வந்தாள். அவன் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை. அதற்குள் மிஷினின் சத்தம் மாறியது. எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

நோயாளிகளுக்கு மதியச் சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. கை வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது, ஏற்கெனவே இதயமும் களைத்துப்போயிருந்தது என்றார். ‘சொல்ல முடியாது’ என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு எல்லார் மேலும் கோபம். பட்டறை மேல், சிகரெட் மேல், அந்த டாக்டர் மேல், ஊரில் இருக்கிற தவளை அத்தனையின் மேலும். அண்ணி மேல் மட்டும் கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

அவள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அவளே தண்ணீர் கொடுத்தாள். ஆக்சிஜன் மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அவளே கதவைத் திறந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். நல்லதுதான், நாலு மனுஷர்களைப் பார்த்தால் மனசு மாறும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் மேடத்திடமிருந்து போன் வந்தது. “நீங்க ஒரு நடை வந்துட்டுப் போக முடியுமா?” என்றார்.

தவளை அறைக்குள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கால் வைத்தேன். பாசி வாடையும் ஈரமும். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன அறை. மேடம் வாசலிலேயே என்னை நிறுத்திக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “ஜாடி பக்கத்துல உக்காந்து தட்டிக்கிட்டே இருக்காங்க. தவளை அமைதியாகும்போதெல்லாம் எழுப்பி விடுறாங்க. நேத்து ஒண்ணு செத்துப்போச்சு. இத்தனை வருஷத்துல இவங்க கையில ஒண்ணுகூடச் செத்ததில்ல. வேலையை விட்டுப் போங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜாடி. உள்ளே ஒரு தவளை காலை மடக்கி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் விரல் முட்டியால் கண்ணாடியை டொக்கென்று தட்டினாள். தவளை துள்ளி மூடியில் இடித்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடங்கியது. மறுபடி தட்டினாள்.

“தட்டாதீங்க அண்ணி” என்றேன்.

“தூங்கிடும், கத்திரி.”

“தூங்கட்டும். அது தவளை. அதுக்குத் தெரியும்.”

அவள் திரும்பவில்லை. ஜாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: “நீதான் அவரு முகத்துக்கு நேரா நின்னே. நான் பின்னாடி நின்னேன், எனக்குத் தெரியல. நிஜமாவே என் கையைத் தேடினாரா?”

இல்லை என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இல்லை என்று சொன்னால் என் அண்ணன் அந்தக் கட்டிலில் தேடியதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். எங்களில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

“தேடினான்” என்றேன்.

“எவ்வளவு நேரம்?”

“கதவைச் சாத்துற வரைக்கும் தேடிக்கிட்டேதான் இருந்தான், அண்ணி.”

அவள் கை கண்ணாடியை விட்டு மடிக்கு இறங்கியது. அவன் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள். வாய்விட்டு, மேடம் நிற்கிறார், பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல் அழுதாள். ஜாடிக்குள் தவளையின் தொண்டை துடிப்பது குறைந்து குறைந்து நின்றது. கண் உள்ளே அமுங்கியது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள், ஆனால் தட்டவில்லை.